அசல் அட்டை பீரோவில் இருந்தது

தென்காசி,
25.7.2025, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மணிகண்டபிரபுவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அதே வரியில் மருமகள் ஜெயபிரியாவின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவது வழக்கம். இன்று அவளைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மதியம் முதல் அவள் அரசுத் தலைமை மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கிறாள். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. இன்று காலை ஒன்பது மணிக்கு நான் பார்த்தபோது இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, உன் அம்மா தலை பின்னிவிட, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருப்பதாகப் பணியிலிருந்த டாக்டரம்மா சொன்னார். மருத்துவமனையில் சேர்த்த செய்தியைப் புதன்கிழமையே உங்கள் படைப்பிரிவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, குறித்துக்கொண்டவரின் பெயரையும் நேரத்தையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் உன்னிடம் எந்தச் சொற்களில் சொன்னார், கூட்டிச் சொன்னாரா குறைத்துச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. எனவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். இதில் என் தவறு இருக்கிறது. அதைப் பிறர் சொல்லி நீ கேட்பதற்கு முன்பு நானே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மே மாதம் நீ மலையிலிருந்து கீழ்முகாமுக்கு இறங்கியிருந்தபோது, குற்றாலத்தில் கர்ப்பிணிகளுக்கும் அவர்களுடைய கணவர்களுக்கும் சேர்த்து ஒரு கட்டண வகுப்பு நடப்பதாகவும், வெளியூரில் இருக்கும் கணவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து அனுப்புவார்கள் என்றும் எழுதி, ஜெயபிரியாவைச் சேர்த்துவிடச் சொன்னாய். உன் அம்மாவோ நம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் நடக்கும் இலவச வகுப்பே போதும் என்றாள். ஜெயபிரியா இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். முடிவு என்னிடம் வந்தது. என் வழக்கப்படி ஒரு முழுத்தாளின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் கட்டணம், அந்தப் பக்கம் இலவசம் என்று எழுதிக்கொண்டு, இரண்டு இடங்களுக்கும் நேரில் போனேன். குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் ஒரு விடுதியின் மாடியில் வகுப்பு. அச்சிட்ட கையேடு, எட்டு வாரத்துக்கும் எட்டுத் தலைப்பு, வரியோடு ரசீது, பயிற்சி தரும் அம்மையாரின் சான்றிதழ் சுவரில். சுகாதார நிலையத்தில் ரசீது கிடையாது, கையேடு கிடையாது. நாற்பது பேர் பெஞ்சிலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். அங்கே வகுப்பெடுக்கும் செவிலியர் ஹைருன் பீவியிடம் பாடத்திட்டத்தின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். அந்த அம்மாள் ஊசி மருந்தை எண்ணுவதை நிறுத்தாமலே, "பாடத்திட்டமா அண்ணாச்சி? தல வலிச்சா சொல்லு, கண்ணு மங்குனா சொல்லு, காலு வீங்குனா சொல்லு, தண்ணி போனா ஓடி வா. இத எழுதி சீல் வேற குத்தித் தரணுமாக்கும்?" என்றார். பெஞ்சில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. எழுத்தில் இல்லாத ஒன்றை நாளை யாரிடம் போய் நிறுவ முடியும் என்று நினைத்து, தாளில் அந்தப் பக்கத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தேன். கட்டண வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்தவன் நான்தான். நீ கேட்டாய் என்பதற்காக மட்டும் செய்யவில்லை, எனக்கும் அதுவே சரியென்று பட்டது. இந்தப் பொறுப்பில் உனக்குப் பங்கு வைக்க வேண்டாம்.

சேர்க்கைப் படிவத்தில் ஏழு நிபந்தனைகள் இருந்தன. அனைத்தையும் படித்தேன். உடல்நலக் கேடு எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற நான்காவதை அடித்துச் சுருக்கொப்பமிட்ட பிறகே கட்டணம் கட்டினேன். அந்த அம்மையார் மறுப்புச் சொல்லவில்லை. தவறவிட்ட வகுப்புக்கு மாற்று வகுப்பு கிடையாது என்பது ஆறாவது. அது நியாயமான நிபந்தனை என்று அப்போது தோன்றியது. தாய் சேய் நல அட்டையின் நகல் ஒன்று கேட்டார்கள், கொடுத்தேன். அந்த அட்டையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பிப்ரவரியில் சுகாதார நிலையத்தில் பதிந்தபோது கொடுத்தது. பதிவு எண் அதில்தான் இருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். ஒரே ஒரு அசல் ஆவணத்தைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்திலும் ஆட்டோவிலும் அலைந்து தொலைத்துவிட்டு, அதற்குப் பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து அழுத கட்சிக்காரர்களை முப்பத்தொரு வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆகவே வாங்கிய அன்றே அட்டையை நம் வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டி, மூன்று ஜெராக்ஸ் எடுத்து, இனி எங்கு கேட்டாலும் நகலைக் கொடுத்தால் போதும் என்று ஜெயபிரியாவிடம் சொன்னேன். அவளும் அப்படியே செய்தாள். அவள் பரிசோதனைக்குப் போகும் தனியார் மருத்துவரிடம் ஒரு நகல், குற்றாலத்து வகுப்பில் ஒரு நகல், அவள் கைப்பையில் ஒரு நகல். பீரோச் சாவி என் இடுப்பில்.

ஜூன் எட்டாம் தேதி வளைகாப்பு நடந்ததை நீ படங்களில் பார்த்திருப்பாய். முறைப்படி அன்றே அவளைப் புளியங்குடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வகுப்பு முடிந்து ஆகஸ்டில் அனுப்புகிறோம் என்று நான் சொன்னதும் உன் மாமனார் வீரபாகுவின் முகம் மாறிவிட்டது. கமிஷன் கடையில் லாரிக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில், சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, "வக்கீல் வீட்டுல கேஸ் முடியிற வரைக்கும் எம்மவள ஜாமீன்ல விட மாட்டாவ போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம் தனியாக, "மூச்சு விடக் கத்துக்குடுக்கவா சம்பந்தி துட்டு வாங்குதான்? அவ பொறந்ததுல இருந்து ஓசியிலதான விட்டுக்கிட்டு இருக்கா" என்றார். நான் சிரித்தேன், விட்டுக்கொடுக்கவில்லை. உன் மாமியார் முருகம்மாள் போகும்போது மகளின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்ற நேரம் எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. ஒரு வார்த்தை அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கையேட்டைத்தான் எடுத்துக் காட்டியிருப்பேன்.

ஜூன் இருபத்தொன்றில் வகுப்பு தொடங்கியது. சனிக்கிழமைதோறும் நானே காரில் அழைத்துப்போய், முடியும் வரை கீழே வரவேற்பறையில் இருந்து அழைத்து வந்தேன். வகுப்பைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆறு தம்பதிகள், ஆளுக்கொரு பாய். ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன் இரத்த அழுத்தம் பார்த்து, தங்களிடம் இருந்த நகலின் ஓரத்தில் குறித்தார்கள். குறித்தது உண்மை. அவள் திரும்பி வரும்போது காரில், இன்று இடுப்பு வலிக்கு இப்படி உட்காரச் சொன்னார்கள், இதை அவுக பார்த்தால் சிரிப்பார்கள் என்று உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வருவாள். ஜூலை பன்னிரண்டாம் தேதி தனியார் மருத்துவரிடம் பரிசோதனை இருந்தது. அதுவும் சனிக்கிழமை, அதுவும் காலை. நான் ஆறாவது நிபந்தனையை நினைத்தேன். வகுப்பைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது, மருத்துவர் எந்த நாளும் பார்ப்பார், அழுத்தம்தான் வகுப்பிலேயே பார்த்துவிடுகிறார்களே என்று கணக்கிட்டு, பரிசோதனையை இருபத்து மூன்றாம் தேதிக்குத் தள்ளி வைத்தேன். பணம் கட்டியதை வீணாக்கக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இலவச வகுப்பாக இருந்திருந்தால் அன்று அவளை மருத்துவரிடம்தான் அழைத்துப் போயிருப்பேன்.

சென்ற சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, சீசன் கூட்டம். மேலகரத்தைத் தாண்டியதிலிருந்து வண்டி நகரவில்லை. முன்னால் கேரளா பஸ், பின்னால் வேன், சாரல் வேறு. ஜெயபிரியா பின்சீட்டில் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு இருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். என்னம்மா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா, சாரக் காத்து" என்றாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். சாட்சிக் கூண்டில் ஒருவர் அந்த மாதிரி பதில் சொன்னால் விடாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்பவன், அன்று கண்ணாடியை ஏற்றியதோடு நிறுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை குளிக்கப் போனவளின் கால்விரலில் மெட்டி இறுகிச் சதைக்குள் பதிந்திருந்ததை உன் அம்மா பார்த்திருக்கிறாள். சோப்பு போட்டுச் சுழற்றியும் வரவில்லை. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பில் கேட்டுப் பார்ப்போம், சனிக்கிழமை வரட்டும் என்று நான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும், அது சரியான ஊகமே. செவ்வாய்க்கிழமை நான் நீதிமன்றத்துக்குக் கிளம்பிய பிறகு, கீரை வாங்கி வருவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஜெயபிரியாவை ஆட்டோவில் ஏற்றி ஹைருன் பீவியின் இலவச வகுப்புக்கு அழைத்துப் போய்விட்டாள். வரிசையில் அவர்கள் முறை வந்தது. ஹைருன் பீவி கையை நீட்டி அட்டையைக் கேட்டிருக்கிறார். இவள் கைப்பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதில் பிப்ரவரிக்குப் பிறகு ஒரு எழுத்துகூட இல்லை. "இது என்னட்டி வெள்ளத் தாளா இருக்கு? அஞ்சு மாசமா நீ கர்ப்பமாத்தான் இருந்தியா, லீவுல போயிருந்தியா?" என்று கேட்டுவிட்டு, கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தவர் அதற்குப் பிறகு விளையாட்டாகப் பேசவில்லை. நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு. பத்து நிமிடம் படுக்க வைத்து மறுபடி பார்த்தும் அதேதான். சிறுநீரில் புரதம் இருந்தது.

உன் அம்மா எனக்குப் போன் செய்தபோது என் வழக்கை அழைக்க இன்னும் இரண்டு வழக்குகள் இருந்தன. அசல் அட்டையை எடுத்துக்கொண்டு உடனே வாங்க என்றாள். நான் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: அசல் எதற்கு, நகலில் என்ன குறை? என் மருமகளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. நகலைப் பற்றிக் கேட்டேன். போனை ஹைருன் பீவி வாங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, புள்ளத்தாச்சிய ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. புள்ள முன்னால போட்டும், ஒங்க அசலு பின்னால வரட்டும். ஆனா இன்னைக்குள்ள வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் இளைய வக்கீல் முத்துகுமரனிடம் வழக்குக் கட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பீரோவைத் திறக்கும்போது சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. தெருக்கதவின் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தேன். கிரையப் பத்திரத்துக்கும் உன் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை புத்தம் புதிதாக இருந்தது.

மாலை நான்கு மணிக்குப் பணி முடிந்ததும் ஹைருன் பீவி மருத்துவமனைக்கே வந்தார். அதற்குள் தனியார் மருத்துவரிடமிருந்த நகலை நான் வாங்கி வந்திருந்தேன். குற்றாலத்து நகலை அந்த அம்மையார் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார் ஹைருன் பீவி. அசலில் பிப்ரவரியில் நூற்று நான்குக்கு அறுபத்தாறு. மருத்துவரின் நகலில் மே மாதம் நூற்றுப் பன்னிரண்டு, ஜூன் பதினான்கில் நூற்று இருபத்திரண்டு. வகுப்பு நகலில் ஜூன் இருபத்தெட்டில் நூற்று இருபத்தெட்டு, ஜூலை பன்னிரண்டில் நூற்று முப்பத்தாறு, பத்தொன்பதில் நூற்று முப்பத்தெட்டு. ஒவ்வொரு தாளையும் தனியாகப் பார்த்தவர் எவரும் பயப்படத் தேவையில்லை, எதுவும் எல்லையைத் தாண்டவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஏணிப்படி. ஒரே அட்டையில் இருந்திருந்தால் ஜூன் கடைசியிலேயே வாரம் இரண்டு முறை வரச் சொல்லியிருப்பேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "என்னத்துக்கு அண்ணாச்சி பூட்டி வச்சீய? அது சொத்தா?" என்று கேட்டார்.

அதன் பிறகும் ஒரு காரியம் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். புதன்கிழமை விடிந்ததும் குற்றாலத்து வகுப்பின் நிர்வாகத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். நான்கு வாரம் அழுத்தம் ஏறுவதைக் கண்டும் எச்சரிக்கத் தவறிய குறைபாடு என்று தொடங்கி இரண்டு பக்கம் வந்துவிட்டது. நான்காவது நிபந்தனையை அடித்தது எவ்வளவு முன்யோசனை என்று எனக்கே ஒரு திருப்தி. மருத்துவமனையிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "எதிர்மனுதாரர்னு முதல்ல நம்ம பீரோ பேரப் போடுங்க. ரெண்டாவது ஒங்க பேரு. எடம் மிச்சம் இருந்தா அந்தப் பொம்பளையச் சேருங்க" என்றாள். பாவாடையையும் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் நோட்டீஸைக் கிழித்துப் போட்டேன். அன்று மதியம் அந்த அம்மையாரே பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. தன் நகலில் முந்தைய எண்கள் ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டிருக்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். பிறகு ஜெயபிரியாவின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அவளோடு சேர்ந்து மெதுவாக மூச்சை இழுத்து விட்டார். மாலையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. அதற்கு மாத்திரைதான் காரணம் என்று மருத்துவர் சொன்னார். மூன்று நாளாகத் தூங்காதவள் அந்த அரை மணியில் தூங்கினாள் என்பதற்கு மட்டும் நான் சாட்சி.

நேற்று ஆடி அமாவாசை. ஊரே அருவிக்குப் போய்விட்டதால் வார்டில் பார்வையாளர்கள் குறைவு. உன் அம்மா சாப்பிடப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று ஜெயபிரியாவிடம் என் தவறைச் சொன்னேன். அட்டையைப் பூட்டியது, பரிசோதனையைத் தள்ளிவைத்தது, காரில் கேட்டும் கேட்காமலும் விட்டது மூன்றையும் சொன்னேன். அவள் போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "மாமா, நானும்தான் சொல்லல" என்றாள். தலைவலி ஜூலை முதல் வாரத்திலிருந்தே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது போலவும் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா கிளாஸ நிறுத்திப் புளியங்குடிக்கு அனுப்பிருவீயளோன்னு பயமா இருந்துச்சு. அந்த வீடியோவுலதான் அவுக என்னப் பாக்காவ. வாரத்துக்குப் பத்து நிமிசம் போன்ல என்னத்தப் பேச முடியுது மாமா? வீடியோவுல ஒன்றரை மணி நேரம் நான் இருப்பேன்லா" என்றாள். பிரபு, எனக்கு அது உறைக்க வெகுநேரம் ஆயிற்று. நானும் உன் அம்மாவும் கட்டணமா இலவசமா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். அவள் அந்த வகுப்புக்குப் போனது மூச்சுப் பயிற்சிக்காகவே இல்லை.

நேற்று மதியம் மூத்த மருத்துவர் வந்து நிலைமையை விளக்கினார். நேற்றோடு முப்பத்தைந்து வாரமும் இரண்டு நாளும் முடிந்திருக்கிறது. அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டால் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, முப்பத்தேழு வாரம் நிறைந்ததும், பிரசவத்துக்கு மருந்து கொடுப்பார்கள். கட்டுப்படாவிட்டால், அல்லது தலைவலி, பார்வை மங்கல் திரும்ப வந்தால், அது எந்த நாளானாலும் எந்த மணியானாலும் உடனே குழந்தையை எடுத்துவிடுவார்கள். குழந்தை எடையில் சற்றுக் குறைவு. ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை என்றார். ஒப்புதல் படிவத்தை என்னிடம் நீட்டி, மாமனார்தானே, போடுங்கள் என்றார். அது அவள் உடல், அவள் வயது வந்தவள், ஒப்புதல் அவளுடையதாகத்தான் இருக்க முடியும் என்று சொல்லிப் பேனாவை ஜெயபிரியாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. எழுத்து பொடியாக இருக்கிறது, படுத்தபடி படிக்க வரவில்லை, நீங்கள் வாசியுங்கள் மாமா என்றாள். வாசித்தேன். எத்தனையோ படிவங்களை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியவன்தான். தாய்க்கோ சேய்க்கோ என்று தொடங்கும் வரியில் நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "வாசிங்க மாமா, தெரிஞ்சுதான போடணும்" என்றாள். வாசித்து முடித்தேன். கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே சாட்சியாக நான் போட்டேன்.

வகுப்பு விஷயத்தில் அவள் எடுத்திருக்கும் முடிவையும் உனக்குத் தெரிவிக்கச் சொன்னாள். இனி அவள் குற்றாலத்துக்குப் போகப்போவதில்லை. ஹைருன் பீவி பணி முடிந்து தினமும் வார்டுக்கு வந்து கால் மணி நேரம் இருக்கிறார். அவர் சத்தம் போடுவதைக் கேட்க மற்றக் கட்டில்காரிகளும் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். குழந்தையின் அசைவை எப்படி எண்ணிக் குறிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கட்டண வகுப்பில் மீதியிருக்கும் மூன்று பாடங்கள் குழந்தையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, பிள்ளை பெற்றவளுக்குக் கணவன் என்ன செய்ய வேண்டும் என்பவை. அந்த மூன்றின் பதிவும் உனக்கு வரும். "அதுல நான் இருக்க மாட்டேன், இருந்தாலும் அவுக முழுசாப் பாக்கணும், பாதியில தூங்கக் கூடாது" என்பது அவள் சொன்னபடியே. கட்டணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். உன் மாமனாரும் மாமியாரும் புதன்கிழமை முதல் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். வீரபாகு என்னிடம் கோபமாக ஒரு வார்த்தையாவது பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மனிதர் காலையில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து என் முன்னால் வைத்துவிட்டு, "குடிங்க சம்பந்தி, நீங்களும் படுத்துட்டா கையெழுத்து யார் போடுவா" என்கிறார். முருகம்மாளும் உன் அம்மாவும் மாறி மாறி வார்டில் இருக்கிறார்கள்.

இத்துடன் மருத்துவர் கையொப்பமிட்ட சான்று இருக்கிறது. விடுப்பு விண்ணப்பத்தோடு இணைத்துக்கொள். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை, உன் அதிகாரி எங்கு விசாரித்தாலும் நிற்கும். ஆகஸ்ட் ஐந்துக்கு முன் நீ வந்து சேர முடிந்தால் மிக நல்லது. வர முடியாவிட்டால் உன்னைக் குறை சொல்ல இங்கே யாரும் இல்லை. அவசரத்தில் மலைப்பாதையில் இரவல் வண்டி எதிலும் ஏறாதே, படை வண்டியில் இறங்கி வா. அங்கே மழை என்று செய்தியில் பார்த்தேன், காலுறை நனைந்தால் மாற்றிக்கொள். உன் பைக்கின் காப்பீட்டை நேற்று முன்தினம் புதுப்பித்துவிட்டேன். மாடி ஒழுகலுக்கு ஆள் வந்து பார்த்துப் போயிருக்கிறான், சாரல் நின்றால்தான் வேலை செய்வானாம். துணி எதுவும் காயவில்லை, வீடு முழுவதும் கொடி கட்டியிருக்கிறோம். அட்டை இப்போது ஜெயபிரியாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. தினமும் நான்கு முறை அதில் எழுதுகிறார்கள். ஓரம் மடங்கிவிட்டது, சாம்பார் கறை ஒன்று பட்டிருக்கிறது.

குற்றாலநாதர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக. நீ தீர்க்காயுளோடு இருக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். விரைவுத் தபாலில் அனுப்பினாலும் இது உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். அப்படியானால் இதைப் படித்த பிறகு நீ அவளோடு பேசுவது ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கென்று ஒரு நிமிடமும் ஒதுக்காதே. தலை வலிக்கிறதா, கண் தெரிகிறதா, பிள்ளை இன்று எத்தனை முறை அசைந்தது என்று அவளிடம் கேள். அவள் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். அதை நம்பி வைத்துவிடாதே. இன்னொரு முறை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீ. நம்பிராஜன்.